அறுபத்து மூன்று டேப்பும் ஒரு ஷோகேஸும்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவரிடம் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பிராசஸர் பாக்குறீங்க?" நேற்றுக் கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் மூன்று பேர் வாயிலிருந்தும் இதைக் கேட்டுவிட்டேன். குறை சொல்ல வரவில்லை. பல வருஷம் நானும் அதையேதான் கேட்டேன். வருகிறவருக்கும் அது பிடிக்கும், நமக்கும் பேச வரும்.

ஆனால் டிவியோடு சேர்த்து ஹாலில் வைக்க மெஷின் கேட்டு ஒருவர் வந்தால், முதலில் கேட்க வேண்டியது வேறு. பெட்டிக்குள் எதை வைக்கப்போகிறீர்கள்? பெட்டியை எங்கே வைக்கப்போகிறீர்கள்? இந்த இரண்டையும் கேட்காமல் நான் ஒரு வீட்டுக்கு மெஷின் போட்டுக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்தின் பன்னிரண்டு வருஷம் என் கையால் போகப் பார்த்தது. கடையில் வைத்து இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம்தான். இப்போது கடை உங்களுடையது. நான் வெட்கப்பட்டு யாருக்கு என்ன லாபம்?

எண்பத்தொன்பதில் இந்த ஊரில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் செய்ய உட்கார்ந்தவன் நான். பிறகு டிவி, டெக், கம்ப்யூட்டர் என்று வண்டி ஓடியது. கோர்ஸ் எதுவும் படிக்கவில்லை. திறந்து பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு, கற்றுக்கொண்டேன். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பெரிய டிவியில் பார்க்கலாம், ஐந்து ஸ்பீக்கரில் கேட்கலாம் என்று ஆட்கள் வரத் தொடங்கியபோது, ஊரிலேயே அது எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பில் இருந்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தக் கார்த்திகையில் அடி அண்ணாமலையிலிருந்து செல்வி என்ற அம்மா வந்தார். கிரிவலப் பாதையில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். பௌர்ணமிக்குத் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் ஓடும், மற்ற நாளில் தெருவுக்கு உப்பு புளி. கணவர் ஏழுமலை மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். பன்னிரண்டு வருஷமாக அங்கே. இரண்டு பெண் பிள்ளைகள், திவ்யா, பிரியா. சின்னவள் பிறந்த வருஷம் அவர் விமானம் ஏறியிருக்கிறார்.

செல்வி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஏழுமலை அங்கே ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்து அனுப்பியது. என்ன பிராசஸர், என்ன கிராஃபிக்ஸ் கார்டு, எத்தனை ஸ்பீக்கர், எல்லாம் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். இந்த ஊரில் யாரும் கேட்காத சாமான்கள்.

"சினிமா பாக்கவாம்மா?" என்றேன்.

"சினிமா எதுக்குண்ணா. அவரு மொத லீவுல வந்தப்ப கேமரா ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு. புள்ளைங்கள புடிச்சு வெய்யினு. புடிச்சு வெச்சிருக்கேன், அறுபத்து மூணு டேப். லீவுக்கு வந்தா எங்க நேரம்? கல்யாணம், காரியம், போர் போடறது, அதுக்குள்ள டிக்கெட் தேதி வந்துடும். வைகாசியில ஒரேடியா வந்துடறாரு. மொதல்லருந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாக்கணும்னு சொல்லிட்டாரு."

பிறகு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். "அவரு இல்லாத நாளெல்லாம் அதுல கீதுண்ணா."

பாருங்கள், உள்ளே என்ன வைக்கப்போகிறார் என்று அந்த அம்மா தானாகவே சொல்லிவிட்டார். நான் காதில் வாங்கிக்கொண்டேன், மனதில் வாங்கவில்லை. என் கண் அந்தக் காகிதத்தின் வட்டங்களில் இருந்தது.

ஆறு வாரம் கடையின் மூலையில் அந்த டேப்புகள் ஓடின. கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்ற வேண்டுமென்றால் ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. அறுபத்து மூவர் மாதிரி வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். காது குத்து, அம்மை போட்டு வேப்பிலையில் படுத்திருந்தது, பள்ளிக்கூட ஆண்டு விழா, சைக்கிள் ஓட்டப் பழகி வரப்பில் விழுந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வப்போது நிமிர்ந்து எத்தனை ஜிபி ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன்.

ஒரு டிஸ்க்கில் கொள்ளவில்லை. இரண்டு டிஸ்க் வாங்கினேன், ஒரே கடையில், ஒரே நாளில். இரண்டு டிரைவாகத் தெரிந்தால் அந்த அம்மாவுக்குக் குழப்பமாக இருக்கும் என்று இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் காட்டும்படி செய்தேன். அப்படிச் சேர்த்தால் ஒன்று கெட்டாலும் இரண்டில் இருப்பதும் போன மாதிரிதான். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது எலிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

மெஷினைக் கொண்டுபோய் வைத்த அன்று செல்வி ஒரே ஒரு குறை சொன்னார். ஃபேன் சத்தம். பிள்ளை மழலையில் பேசுவதைக் கேட்கும்போது பின்னால் உய்யென்று ஓடிக்கொண்டிருந்தது. நியாயமான குறைதான். டிஸ்க்குக்கு முன்னால் இருந்த ஃபேனைக் கழற்றிவிட்டேன், மற்றதை மெதுவாக ஓடும்படி மாற்றினேன். வீடு அமைதியாகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் ஷோகேஸ். நம் ஊர் வீட்டில் மதிப்பான பொருள் எதுவானாலும் கண்ணாடிக் கதவுக்குள் போயாக வேண்டும், உங்களுக்கே தெரியும். மஸ்கட்டிலிருந்து வந்த கண்ணாடி டம்ளர், பிள்ளைகள் வாங்கிய கப்பு, கல்யாணத்துக்கு வந்த பொம்மை, எல்லாம் அங்கேதான் இருந்தன. அதற்கு நடுவில் கம்ப்யூட்டருக்கென்று ஆசாரியைக் கூப்பிட்டு அளவெடுத்து ஓர் அறை செய்து வைத்திருந்தார் செல்வி. முன்னால் கண்ணாடி, பின்னால் பலகை, பக்கத்தில் பலகை. ஒயர் போக ஓர் ஓட்டை கேட்டார். நானே துளை போட்டுக் கொடுத்தேன். "பிரமாதம்மா, தூசியே போகாது" என்றும் சொன்னேன். தூசி போகாத இடத்தில் காற்று மட்டும் எப்படிப் போகும்?

கிளம்பும்போது செல்வி ஒரு துணிப்பையைக் காட்டினார். "இந்த டேப்ப இன்னா பண்றதுண்ணா?"

"இனிமே எதுக்கும்மா? எல்லாம் உள்ள வந்துடுச்சு. வெச்சிருந்தா பூஞ்சதான் புடிக்கும்."

நுணலும் தன் வாயால் கெடும். அந்த வாய் என்னுடையது.

தை வந்தது, மாசி வந்தது. செல்வி ஊருக்குள் வரும்போதெல்லாம் கடையில் எட்டிப் பார்த்து நல்லா ஓடுதுண்ணா என்று சொல்லிவிட்டுப் போவார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் அதே மாதிரி மெஷின் கேட்டு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்திரா பௌர்ணமி அன்று காலை பத்து மணிக்கு போன். செல்வி வீட்டுக்குக் கிரிவலத்துக்கென்று உறவுக்காரர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். விடியலிலிருந்து பிள்ளைகள் அவர்களுக்குப் பழைய வீடியோ போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சித்திரை வெயில், அடைத்த ஷோகேஸ், கூட்ட நாளில் ஏறி இறங்குகிற கரண்டு.

"அண்ணா, படம் அப்பிடியே நின்னுபோச்சு. ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டேன். உள்ள டக்கு டக்குனு சத்தம் வருது."

இங்கே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். டிஸ்க் டக்கு டக்கென்றால் அது சாகக் கிடக்கிறது, மறுபடி ஓடவிடவே கூடாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பௌர்ணமி அன்று அடி அண்ணாமலைக்கு வண்டி விடமாட்டார்கள், பாதி மலையைச் சுற்றி நடக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. சோம்பேறித்தனத்துக்கு நாம் ஒரு தொழில்நுட்ப வார்த்தை வைத்திருக்கிறோமே, அதைச் சொன்னேன். "ரீஸ்டார்ட் பண்ணுங்கம்மா."

பண்ணினார். சத்தம். இன்னொரு தடவை என்றேன். சத்தம். கரண்டையே பிடுங்கிப் போடச் சொன்னேன். போட்டார். போனிலேயே எனக்குக் கேட்டது, முன்பைவிட வேகமாக.

"இன்னும் ஒரே ஒரு தடவ" என்றேன்.

"வேணாண்ணா" என்றார் செல்வி. "எதுவோ வலி தாங்காம அடிச்சுக்கற மாதிரி கீது. நான் நிறுத்திட்டேன். நீங்க சொன்னாலும் போட மாட்டேன். நேர்ல வாங்க."

அந்த "போட மாட்டேன்" என்ற ஒரு சொல்லுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். தெரிந்தவன் தப்பாகச் சொன்னான், தெரியாதவர் சரியாக மறுத்தார்.

நடந்தேன். தார் ரோட்டில் கால் பொரிந்தது. மோர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் நின்று குடித்துக்கொண்டே போனேன். எனக்கு அப்போது பெரிய பயம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் போனால் போகட்டும், டேப் இருக்கிறது, இன்னொரு ஆறு வாரம் உட்கார்ந்து ஏற்றினால் ஆச்சு. ஏழுமலை வர இருபது நாள் இருக்கிறது, பாதியாவது முடித்துவிடலாம். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

ஷோகேஸ் கண்ணாடியைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி. கேபினட்டில் கை வைக்க முடியவில்லை.

"டிஸ்க் சூட்டுல போயிருக்கும்மா. பயப்படாதீங்க. அந்த டேப் பைய எடுங்க, திரும்ப ஏத்திடலாம்."

திவ்யா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டேப்பு போகியில போட்டுட்டேனேண்ணா" என்றார் செல்வி. "பாய், மொறம், கிழிஞ்ச தலவாணி, அதோட சேத்து. நீங்கதானே எதுக்கும்மானு சொன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாவின் மேல் என்ன தப்பு? வேண்டாத பழசைப் போகிக்கு எரிப்பது வழக்கம். அது வேண்டாத பழசு என்று சொன்னவன் நான்.

திண்டாடிப்போய் இரண்டு டிஸ்க்கையும் கழற்றினேன். கையில் டிஸ்க் வந்ததும் புத்தி குறுக்கே ஓட ஆரம்பித்தது. கடைக்குக் கொண்டுபோய் வேறு மெஷினில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா? அந்தக் காலத்தில் நம் ஆட்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. செத்த டிஸ்க்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்ச நேரம் உயிர் வரும் என்பார்கள். வந்ததைப் பார்த்தும் இருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் சரிசெய்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கொண்டுவந்து வைத்துவிட மாட்டோமா என்று மனம் அடித்துக்கொண்டது.

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, இதுக்கு மேல உங்களால முடியுமா? முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

தம்பிகளா, பாப்பா, நம் தொழிலில் வாயில் வரவே வராத வார்த்தை அதுதான். பதினாறு வருஷம் கடை நடத்தி ஒரு வாடிக்கையாளரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "முடியாதும்மா. எனக்குத் தெரிஞ்ச வேல இல்ல. தெரிஞ்சவங்ககிட்ட கொண்டுபோறேன்." சொன்னதும் ஃப்ரீசர் யோசனையெல்லாம் ஓடிப்போனது.

கூட்டத்துக்கு எதிரே திரும்பி நடக்க வழியில்லை. டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, ஜனங்களோடு மீதி மலையையும் சுற்றி வந்தேன். பக்கத்தில் வந்த ஒரு பெரியம்மா, "குழந்தையாப்பா?" என்று எட்டிப் பார்த்தார். "இல்லைங்க, ரெண்டு பொண்ணுங்களோட படம்" என்றேன். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்து நான் செய்த முழுக் கிரிவலம் அது ஒன்றுதான். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் சென்னை. எனக்கு டிஸ்க் விற்றவர் ஒரு விலாசம் கொடுத்திருந்தார். ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில், மாடியில் ஓர் அறை. தலைக்குத் துணி கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

"எத்தன தடவ ஆன் பண்ணீங்க சார்?"

"ஒரு தடவ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தொறந்தா எனக்கே தெரிஞ்சிரும். இப்பவே சொன்னீங்கன்னா அதுக்கு ஏத்த மாதிரி கை வைப்பேன்."

"நாலு. மூணு நான் போன்ல சொல்லிப் பண்ணது."

"ஃப்ரீசர்ல வெச்சீங்களா?"

"இல்ல."

"தப்பிச்சீங்க."

இரண்டு டிஸ்க்கின் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போன டிஸ்க்கில் எழுத்தைப் படிக்கிற முள் கெட்டிருந்தது. அதே ரகம், அதே நேரத்தில் செய்த இன்னொரு டிஸ்க்கிலிருந்து முள்ளை எடுத்து மாட்டினால் படிக்க வைக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட ஜோடியைத் தேடி மாதக்கணக்கில் அலைவார்களாம்.

"ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினதா சார்?"

"ஆமா."

"அப்பிடி வாங்கக் கூடாது. ஒண்ணு போனா இன்னொண்ணும் பின்னாடியே போயிடும். ஆனா இன்னிக்கி அந்தத் தப்புதான் உங்களுக்கு உதவப்போவுது. நல்லா இருக்கறத மொதல்ல முழுசா காப்பி எடுத்துக்கறேன். அப்புறம் அதோட முள்ள எடுத்து இதுல போடறேன்."

"வந்துடுமா?"

"வாக்கு குடுக்க மாட்டேன் சார். அவசரப்படுத்தாதீங்க, அதுவே நீங்க பண்ற உதவி."

யாராவது என்னிடம் உன் குரு யார் என்று கேட்டால் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன். என்னைவிட இருபது வயது சின்னவர். திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை, உண்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையில் கை வைத்தார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் போனபோது அறை பூட்டிக் கிடந்தது.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. "அம்பத்திரண்டு வந்திருக்கு சார். பதினொண்ணு வரல. அதுக்கு மேல நோண்டினா இருக்கறதும் போயிடும். நிறுத்திடவா?"

நிறுத்திவிடுங்கள் என்றேன். அதையும் செல்வியிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

வந்ததை முழுசாக இரண்டு பெரிய டிஸ்க்கில் தனித்தனியாக ஏற்றினேன், இரண்டும் வேறு வேறு கடையில் வாங்கியவை. ஒன்று மெஷினுக்குள், ஒன்று கீழ்பென்னாத்தூரில் செல்வியின் தங்கை வீட்டு பீரோவில். டிவிடியிலும் எழுதிக் கொடுத்தேன். ஃபேனைத் திரும்ப மாட்டினேன். ஷோகேஸின் கண்ணாடிக் கதவையும் பின்பலகையையும் ஆசாரியை வைத்து எடுத்துவிட்டேன். ஆசாரிக்கு என் மேல் வருத்தம்தான்.

ஏழுமலை வந்து சேர்ந்த மறுநாள் காலையில் போனேன். பதினொரு டேப் போன விஷயத்தை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. வாசலிலேயே செல்வி என்னை மறித்துத் தணிந்த குரலில் சொன்னார்: "கரண்டு ஜாஸ்தியா வந்து போச்சுனு சொல்லிடலாம்ணா. உங்க பேரு எதுக்கு? ஆறு வாரம் பாடுபட்டீங்க."

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பௌர்ணமிக் கரண்டின் மேல் பழி போட்டால் இந்த ஊரில் யார் நம்ப மாட்டார்கள்? ஆனால் தன் பிள்ளைகளின் நாட்களை இழந்து நிற்கிற அம்மா, என் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறார். அதை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப எனக்கு முகமில்லை.

ஏழுமலை ஒல்லியாக, தலை நரைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேனைக் கழற்றியது, டிஸ்க்கைச் சேர்த்தது, டேப் எதற்கு என்றது, போனில் மூன்று தடவை போடச் சொன்னது. பதினொன்று திரும்பாது என்பதையும் சொன்னேன்.

அவர் எழுந்து ஷோகேஸுக்குப் போனார். கதவிருந்த கீல் குழியைத் தடவிப் பார்த்தார். பெட்டியின் பின்னால் கையை விட்டு, காற்று வருகிறதா என்று விரித்து வைத்துப் பார்த்தார்.

"பன்னண்டு வருஷமா ஊரான் வீட்டு சூட்ட வெளிய தள்ளறதுதான் சார் என் வேல" என்றார். "என் வீட்டுல ஒரு ஓட்ட போடச் சொல்ல நான் இங்க இல்ல."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "உக்காருங்க, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றார். சின்னவள் முதல் வீடியோவைப் போட்டாள்.

பார்த்தோம். குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது, விழுகிறது, எழுகிறது. ஏழுமலை கண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து வீடியோ ஓடியிருக்கும். அவர் திடீரென்று செல்வி பக்கம் திரும்பினார்.

"இதுல நீ எங்க?"

"நான்தானே புடிச்சேன்" என்றார் செல்வி.

"எல்லாத்துலயுமா?"

"வேற யாரு புடிப்பா?"

அறுபத்து மூன்றையும் ஓடவிட்டவன் நான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவின் குரல் கேட்கும், ஒரு காட்சியில் தரையில் நிழல் விழும், ஆள் ஒன்றில்கூட இல்லை. மனைவி தனியாக இருந்து கழித்த பன்னிரண்டு வருஷம் அந்த மனிதருக்கு எந்த டிஸ்க்கிலும் இல்லை.

ஏழுமலை கேமராவைக் கேட்டார். பீரோவிலிருந்து வந்தது, பிரிக்காத டேப் ஒன்றும் கூடவே வந்தது. போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு, செல்வியைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பதினொண்ணுல இன்னா இன்னா இருந்துச்சுனு சொல்லு."

"அய்ய, வேலய பாருங்க. சோறு வெக்கணும்."

"வெச்சிக்கினே சொல்லு."

நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். நான்கு நாள் கழித்து ஏழுமலையே கடைக்கு வந்தார், அந்த டேப்போடு. ஏற்றித் தரச் சொன்னார். முடித்ததும் ஒரு காப்பி உங்கள் கடையிலும் இருக்கட்டும் சார் என்றார். யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கொடுத்தார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான். அதற்குப் பிறகு எந்த மெஷினையும் கேள்வி கேட்காமல் நான் கட்டிக் கொடுத்ததில்லை.

இடது பக்க இழுப்பறையில் துணி சுற்றி ஒரு டிஸ்க் இருக்கிறது. இது என்ன என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள், நான் மழுப்பினேன். ஏழுமலை அன்றைக்கு விட்டுப்போன அந்தக் காப்பிதான் இது. கடையோடு சேர்த்து உங்களிடம் ஒப்படைக்கிறேன். சில வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள், இன்னொன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஏழுமலை வீட்டிலிருந்து யாராவது கேட்டு வந்தால் அந்த நிமிஷமே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மாற்றும்போது அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள், ஓட்டிப் பாருங்கள். செல்வி அரிசி களைந்துகொண்டே பேசுவார். திவ்யா எட்டாம் வகுப்பில் ஆடியது, கிணற்றில் வாளி விழுந்தது, பிரியாவுக்குப் பல் விழுந்து கூரையில் எறிந்தது. பிள்ளைகள் குறுக்கே வந்து திருத்துவார்கள். "ம், அப்புறம்?" என்று கேமராவுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் பத்து நிமிஷம் அந்த அம்மா தலையை நிமிர்த்தவே மாட்டார். பிறகு கேமரா இருப்பதையே மறந்து, நேராக அவரைப் பார்த்துச் சிரிப்பார். அதுவரைக்கும் நிறுத்திவிடாதீர்கள்.